மலைவீட்டுத் தோட்டத்தில் மில்க்வீடும் மணச்செடிகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நீலகிரியிலும் பழனி மலையிலும் வீட்டைச் சுற்றிக் கொஞ்சம் மண் வைத்திருப்பவர்கள் மில்க்வீட் பற்றியும் வாசனைச் செடிகள் பற்றியும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே ஒன்றாகப் போட்டிருக்கிறேன். கீழே சமவெளிக்காக எழுதிய தோட்டக் குறிப்புகள் நமக்குப் பாதிதான் உதவும். கூடலூர் சுமார் 1,000 மீட்டர், குன்னூரும் கோத்தகிரியும் 1,800 மீட்டர் சுமார், கொடைக்கானல் 2,100, ஊட்டி 2,200-க்கு மேல். ஒரே மாவட்டத்துக்குள்ளேயே செடி மாறிவிடும். அதனால் பதிலைப் படிக்கும்போது உங்கள் ஊர் எவ்வளவு உயரம் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

நர்சரியில் மில்க்வீட் என்று தருகிறார்களே, அது எந்தச் செடி?

பெரும்பாலும் அஸ்கிளிபியாஸ் குராசவிகா. சிவப்பு இதழும் நடுவில் ஆரஞ்சு மஞ்சளுமாகக் கொத்துக் கொத்தாகப் பூக்கும், மூன்றடி வரை போகும், இலை நீண்டு கூராக இருக்கும், கிள்ளினால் வெள்ளைப் பால் வரும். சொந்த ஊர் அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பகுதிகள். நம் எருக்குக்கு உறவுக்காரச் செடி. குன்னூர் பக்கம் சாலையோரங்களில் யாரும் நடாமல் தானாகவே நிற்பதையும் பார்த்திருப்பீர்கள்.

இதன் பூவுக்கு வாசனை உண்டா?

சொல்லிக்கொள்ளும்படி இல்லை. வட அமெரிக்க மில்க்வீட் வகைகளில்தான் நல்ல மணம் உண்டு. சிரியாகா என்ற வகை இனிப்பாக மணக்கும், ஈர நிலத்தில் வளரும் இன்கார்னாட்டா வெனிலா போல. அவற்றைப் படித்துவிட்டுத்தான் பலர் விதை தேடுகிறார்கள். வேண்டாம் என்றே சொல்வேன். சிரியாகா மண்ணுக்கடியில் வேர்விட்டுப் படரும் செடி, ஒரு பாத்தியில் வைத்தால் அந்தப் பாத்தியோடு நிற்காது.

மணக்கிற மில்க்வீட் குடும்பச் செடிதான் வேண்டும் என்றால் நம்மிடமே இருக்கிறது. கொடிச்சம்பங்கி அந்தக் குடும்பம்தான்; மாலையில் பச்சை கலந்த மஞ்சள் பூக்கள் விரியும்போது முற்றமே மணக்கும். ஆனால் குளிர் தாங்காது, கூடலூர், பண்ணைக்காடு உயரம் வரைக்கும் பாருங்கள். நன்னாரியும் அதே குடும்பம், மணம் வேரில். மேலே ஊட்டியிலும் கொடைக்கானலிலும் இருப்பவர்களுக்கு ஹோயா: தடித்த இலை, மெழுகில் செய்த மாதிரிப் பூ, இருட்டிய பிறகு மணம். கண்ணாடி போட்ட வராண்டாவில் தொட்டியில் வைத்தால் போதும். பூத்து முடிந்த காம்பை மட்டும் வெட்டிவிடாதீர்கள், அடுத்த தடவையும் அதே காம்பிலிருந்துதான் பூக்கும்.

வாசனை இல்லாத மில்க்வீடை ஏன் வைக்க வேண்டும்?

தின்னக் கொடுப்பதற்கு! வெந்தய வரியன், வரிப்புலி என்ற இரண்டு வண்ணத்துப்பூச்சிகளும் இந்தச் செடியில் முட்டையிடும். வேறு பூச்செடிகளில் அவை தேன் குடித்துவிட்டுப் போய்விடும், இங்கே குடும்பமே நடத்தும்.

காலையில் வெயில் பட்டதும் இலையைத் திருப்பிப் பாருங்கள். அடிப்பக்கத்தில் வெள்ளையாக, கடுகைவிடச் சின்னதாக, தனித்தனியாக முட்டைகள் இருக்கும். வெளியே வரும் புழு முதலில் தன் முட்டை ஓட்டைத் தின்னும். வளர்ந்த புழுவுக்குக் கறுப்பு, வெள்ளை, மஞ்சள் பட்டைகள், முதுகில் மூன்று ஜோடி கறுப்புக் கொம்புகள். அது இலையில் வாய் வைப்பதற்கு முன் செய்கிற ஒரு வேலையை உட்கார்ந்து பார்க்க வேண்டும்: இலையின் நடு நரம்பைக் கடித்துப் பாலை ஒழுகவிட்டு, இலை தொங்கிய பிறகு அந்தப் பக்கத்தைச் சாவகாசமாகத் தின்னும். பால் வாயில் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க அப்படி. பாலில் இருக்கிற நஞ்சு கொஞ்சம் புழுவின் உடம்பில் சேர்ந்து, பூச்சியான பிறகும் இருக்கும். ஒரு தடவை தின்று வாந்தியெடுத்த பறவை மறுபடி அந்த நிறத்தைத் தொடாது. வெந்தய வரியன் அவ்வளவு நிதானமாகப் பறப்பதற்கு அதுதான் காரணம்.

கூட்டுப்புழு பச்சையாகவோ வெளிறிய இளஞ்சிவப்பாகவோ தொங்கும், மேலே பொன் புள்ளிகள் இருக்கும். சமவெளியில் முட்டையிலிருந்து பூச்சியாவதற்கு ஒரு மாதத்துக்குள் முடிந்துவிடுகிற வேலை, நம் குளிரில் இழுத்துக்கொண்டே போகும். அசையாமல் தொங்குகிறதே என்று பிடுங்கிப் போட்டுவிடாதீர்கள்.

மோனார்க் வண்ணத்துப்பூச்சி வருமா?

வராது, அமெரிக்காவில் மில்க்வீடில் வளரும் அந்தப் பூச்சி இந்தியாவில் இல்லை. அதற்காக ஏமாற்றமடைய வேண்டாம். அதே குடும்பத்தைச் சேர்ந்த நீல வரியன்களும் வெண்புள்ளிக் கருப்பன்களும் மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் கிழக்குச் சமவெளிக்கும் இடையே வருஷா வருஷம் கூட்டமாகப் போய்வருகின்றன, தென்மேற்குப் பருவமழைக்குச் சற்று முன்னால் மலையை விட்டு இறங்கி, வடகிழக்குப் பருவமழை சமயத்தில் திரும்பி வரும். மேட்டுப்பாளையம் சாலையில் கூட்டம் கூட்டமாக வண்டிக்குக் குறுக்கே பறப்பது அவைதான். சோலைக் காடுகளை ஒட்டிய வீடுகளில் நீலகிரி டைகர் என்ற வண்ணத்துப்பூச்சியையும் பார்க்கலாம். அது மேற்குத் தொடர்ச்சி மலையின் உயரமான பகுதிகளைத் தவிர உலகத்தில் வேறெங்கும் கிடையாது. இங்கே இருந்துகொண்டு மோனார்க் இல்லையே என்று கவலைப்படத் தேவையில்லை.

எருக்கையே வைத்துவிடலாமா?

பர்லியாறு, கூடலூர், தாண்டிக்குடிக்குக் கீழே என்றால் தாராளமாக. எருக்கு வெயிலும் வறட்சியும் கேட்கிற செடி, குன்னூருக்கு மேலே ஈரத்திலும் குளிரிலும் தேறாது.

விதை போட்டால் முளைக்கவே இல்லை. ஃபிரிட்ஜில் வைக்கச் சொல்கிறார்களே?

அந்த ஃபிரிட்ஜ் வைத்தியம் வட அமெரிக்க வகைகளுக்கு. அங்கே விதை பனிக்காலம் முழுக்க மண்ணில் கிடந்து பிறகு முளைக்கும், அதனால் குளிர் காட்ட வேண்டும். குராசவிகாவுக்கு அது தேவையில்லை, அதற்கு வேண்டியது சூடு. டிசம்பரில் ஊட்டியில் திறந்த பாத்தியில் தூவினால் முளைக்காமல் அழுகும். மார்ச் கடைசி, ஏப்ரலில், வெயில் வரும் ஜன்னலோரம் ஒரு தட்டில், மணலும் மக்கிய உரமும் கலந்து, விதையை மூடியும் மூடாமலும் மண் தூவுங்கள். இரண்டு வாரத்தில் வந்துவிடும். நாலு ஜோடி இலை வந்ததும் வெளியே நடலாம். விதை கிடைக்காதவர்கள் பக்கத்து வீட்டுச் செடியில் ஒரு கிளை வாங்கித் தண்ணீரில் வைத்தாலே வேர்விடும்.

உறைபனி விழும் இடங்களில் மேல் செடி கருகிவிடும். அடித்தண்டைச் சருகு போட்டு மூடிவையுங்கள், பெரும்பாலும் மார்ச்சில் துளிர்க்கும். ஒரு விஷயம்: குளிர்ந்த காற்று தண்ணீர் மாதிரிப் பள்ளத்தில்தான் போய்த் தேங்கும். ஒரே தோட்டத்தில் கீழ்த்தட்டில் வைத்த செடி கருகி, இரண்டு தட்டு மேலே சுவரோரம் வைத்தது பச்சையாக நிற்கும். குளிர் தாங்காத எதையும் சரிவின் மேல் பாதியில் வையுங்கள்.

வாங்கி வந்த செடியில் புழுக்கள் சுருண்டு செத்து விழுகின்றன. என்ன நோய்?

நோய் இல்லை, மருந்து. செடி பளபளப்பாக இருக்க வேண்டும் என்று சில நர்சரிகளில் இமிடாகுளோபிரிட் மாதிரி செடிக்குள் ஊறிப்போகிற பூச்சிமருந்து அடிக்கிறார்கள். இலையைக் கழுவினால் அது போகாது. வாங்கும்போதே கேளுங்கள், பதில் மழுப்பலாக இருந்தால் விட்டுவிடுங்கள். ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள் என்றால் செடியைக் கொசுவலையால் மூடிவைத்து, இருக்கிற இலைகளையெல்லாம் வெட்டிவிட்டு, புதுத் துளிர் இரண்டு முறை வந்து போகும் வரைக்கும் பூச்சியை அண்ட விடாதீர்கள். பக்கத்தில் கேரட் பாத்திக்கோ தேயிலைக்கோ மருந்து அடித்தாலும் காற்றில் வரும். அந்தப் பக்கத்து வேலியோரம் மில்க்வீட் வேண்டாம், வீட்டுக்கு மறைவாக இந்தப் பக்கம் வையுங்கள். வேப்பெண்ணெய் இயற்கையானதுதானே என்று அதை அடிக்கிறவர்களும் இருக்கிறார்கள். புழுவுக்கு அதுவும் எமன்தான்.

தண்டு முழுக்க மஞ்சளாக அசுவினி அப்பியிருக்கிறதே?

அரளியிலும் எருக்கிலும் வருகிற அதே மஞ்சள் அசுவினி. ஆண் இல்லாமலே குட்டி போட்டுப் பெருகும், அதனால்தான் மூன்று நாளில் தண்டே தெரியாமல் மூடிவிடுகிறது. எதுவும் அடிக்க வேண்டாம். முட்டையும் புழுவும் எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொண்டு, அந்த இடத்தை விட்டுவிட்டு விரலால் வழித்துவிடுங்கள், அல்லது குழாய்த் தண்ணீரைச் சீறி அடியுங்கள். பொறிவண்டு வந்து உட்கார்ந்துவிட்டால் அதையும் செய்யத் தேவையில்லை.

புழு தின்று செடி மொட்டையாகிவிட்டது!

சந்தோஷப்படுங்கள், துளிர்த்துவிடும். ஒன்றிரண்டு செடி வைத்தால் புழுவுக்குப் பாதியில் இலை தீர்ந்துவிடும், ஆறேழு செடியாவது சேர்த்து வைப்பது நல்லது.

பால் விஷமா? வீட்டில் மாடும் சின்னக் குழந்தையும் இருக்கிறது.

விஷம்தான், இதயத்தைப் பாதிக்கிற வகை. பச்சைச் செடியைக் கசப்பால் மாடு பொதுவாக விட்டுவிடும், ஆனால் வெட்டிய புல்லோடு கலந்து தொட்டியில் போட்டால் பிரிக்கத் தெரியாமல் தின்றுவிடும். களை எடுத்ததை மாட்டுக்குப் போடும் வீடுகளில் இதை மனதில் வையுங்கள், புல் அறுக்க வருகிற ஆளிடமும் சொல்லுங்கள். அப்புறம், கண். செடியை வெட்டிவிட்டு அந்தக் கையாலேயே கண்ணைத் தேய்த்தால் கருவிழி வீங்கிப் பார்வை மங்கும். நிறையத் தண்ணீரில் விடாமல் கழுவிவிட்டு உடனே கண் மருத்துவரிடம் போக வேண்டும். வெட்டும்போது கையுறை போடுங்கள், முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். தவழ்கிற குழந்தை இருக்கிற வீட்டில் இரண்டு வருஷம் பொறுத்து வைத்தால் ஒன்றும் குறைந்துவிடாது.

இது காட்டுக்குள் பரவிவிடாதா?

பரவும். இந்தப் பக்கத்தில் நீங்கள் ஒரே ஒரு பதில்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

நம் மலைகளில் இப்போது காடு மாதிரித் தெரிகிற பச்சையில் எவ்வளவு வெளியிலிருந்து வந்தது என்று ஒரு தடவை நின்று பாருங்கள். ஊட்டிப் புல்வெளிகளில் மஞ்சளாகப் பூத்துக் குலுங்குகிற முள்புதர் கோர்ஸ், அதே மஞ்சளில் ஸ்காட்ச் புரூம், இரண்டும் ஐரோப்பாவிலிருந்து வந்தவை. உண்ணிச்செடி அழகுக்காகக் கொண்டுவரப்பட்டது. ஓடையோரமெல்லாம் ஆரஞ்சுக் குழல் பூவோடு நிற்கிற செஸ்ட்ரம், சோலை ஓரங்களை மூடுகிற யூபடோரியம், புல்வெளியை விழுங்கிய சீகை மரம் (வாட்டில், சீகைக்காய் இல்லை), எதுவும் இந்த மண்ணில் பிறந்ததில்லை. வைத்தவர்கள் யாரும் கெடுதல் நினைத்து வைக்கவில்லை. ஒரு தோட்டத்திலிருந்து ஒரு ஓடைக்குப் போக ஒரு மழை போதும்.

மில்க்வீட் விதைக்குப் பட்டுக் குஞ்சம் இருக்கிறது, கொடைக்கானல் காற்றில் அது எங்கே போய் இறங்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் பூ முடிந்து காய் பிடித்ததும் வேலை தொடங்குகிறது. கூரான பச்சைக் காய்கள் மேல்நோக்கி நிற்கும். விதைக்கு வேண்டிய ஒன்றிரண்டை மட்டும் ஒரு துணிப்பையால் கட்டிவைத்து, மீதியைப் பச்சையாக இருக்கும்போதே கிள்ளி எறியுங்கள். காய் வெடிக்கிற சமயத்தில் ஊருக்குப் போய்விடுகிறவர்கள், வாரக் கடைசிக்கு மட்டும் மலைக்கு வருகிறவர்கள், இதை வைக்கவே வேண்டாம். சோலையோ புல்வெளியோ வேலிக்கு அப்பால் இருக்கிறவர்களும் வேண்டாம். அவர்கள் கொடிப்பாலை, நஞ்சறுப்பான் என்று நம் ஊர்க் கொடிகள் எது அந்த உயரத்தில் தேறும் என்று பார்த்து வைக்கலாம், வரியன்கள் அவற்றிலும் முட்டையிடும். உங்கள் செடியைக் கிள்ளி எறிவது ஒரு நிமிஷ வேலை, காட்டில் ஒரு செடியைத் தேடிப் பிடுங்குவது அப்படியில்லை.

ஊட்டியில் மல்லிகை ஏன் பூப்பதில்லை?

மதுரையின் சூட்டைக் கேட்கிற செடி அது. செடி சாகாது, பூக்கவும் பூக்காது. குன்னூர், கோத்தகிரி, பெருமாள்மலையில் தெற்குப் பார்த்த சுவரோரம் ஜாதிமல்லி நன்றாகவே வரும். ஊட்டி, கொடைக்கானலுக்கு ஜாஸ்மினம் பாலியாந்தம் என்ற சீன மல்லிகைக் கொடியைக் கேட்டு வாங்குங்கள். மொட்டு வெளியே இளஞ்சிவப்பு, விரிந்தால் வெள்ளை, குளிர் பட்டால்தான் மொட்டே வைக்கும். ஹனிசக்கிளும் நம் குளிருக்கு ஏற்ற கொடி.

ரோஸ்மேரி, லாவெண்டர் இரண்டும் மழைக்காலத்தில் அழுகிவிடுகின்றன.

இரண்டும் மத்தியதரைக்கடல் ஓரத்துச் செடிகள், அங்கே மழையும் கோடையும் வேறு மாதிரி. நம் மண் புளிப்பு மண், அதிலும் ஜூன் ஜூலையில் விடாமல் ஈரம். ரோஸ்மேரி சமாளிக்கும். சரிவில், கல் கலந்த மேட்டில், வேரில் தண்ணீர் நிற்காமல் வையுங்கள், மண்ணின் புளிப்பைக் குறைக்கக் குழிக்கு ஒரு பிடி டோலமைட் சுண்ணாம்புத் தூள் போடுங்கள். ஊட்டியில் இருக்கிற தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் ரோஸ்மேரியில் தனி ரகமே வெளியிட்டிருக்கிறது, நம் மலைக்கு அது அவ்வளவு ஒத்துப்போகிற பயிர். விரல் நீளக் குச்சியை வெட்டி, கீழ்ப்பாதி இலையை உருவிவிட்டு மணலில் குத்தினால் ஒன்றரை மாதத்தில் வேர் பிடிக்கும். தைமும் இப்படியேதான்.

லாவெண்டர் அடம்பிடிக்கும். தென்மேற்கு மழை முழுசாக அடிக்கிற கூடலூர் பக்கம் முயற்சி செய்யவே வேண்டாம். மற்ற இடங்களில் மண்தொட்டியில், பாதிக்குப் பாதி மணலும் சிறு ஜல்லியும் கலந்து, மழை நாலு மாதமும் கூரைக்குக் கீழே நகர்த்திவையுங்கள். பூ முடிந்ததும் பச்சைத் தண்டு இருக்கிற வரைக்கும் மட்டும் வெட்ட வேண்டும், காய்ந்த கட்டையில் வெட்டினால் துளிர்க்காது.

எதுவுமே வராத கையாலும் வளர்கிற வாசனைச் செடி எது?

ரோஜா மணம் வீசும் ஜெரானியம். பூவில் ஒன்றுமில்லை, மணமெல்லாம் இலையில். எண்ணெய் எடுப்பதற்காக நீலகிரியிலும் கொடைக்கானல் மலையிலும் பயிரிட்டார்கள். ஒரு குச்சியை ஒடித்து நட்டால் போதும். வாசல் படியோரம், நடக்கும்போது புடவையோ பேன்ட்டோ உரசுகிற இடத்தில் வையுங்கள். கறுப்புத் தேநீரில் ஒரு இலை போட்டுப் பாருங்கள்.

மரிக்கொழுந்து?

கட்டாயம் வையுங்கள். மழை ஓய்ந்து குளிர் தொடங்கும்போது விதைக்க வேண்டும், விதை தூள் மாதிரி இருக்கும், மணலோடு கலந்து தூவி மேலே மண் போடாமல் லேசாகத் தட்டிவிடுங்கள். உறைபனி விழும் இடத்தில் இரவில் மூடாக்குப் போட வேண்டும், அல்லது பிப்ரவரி கடைசி வரை பொறுக்கலாம். மருவு இன்னும் சுலபம், வருஷம் முழுக்க இருக்கும். கனகாம்பரத்தோடு கட்ட இரண்டு கொத்து வீட்டிலேயே கிடைக்கும்போது கடையில் வாங்கத் தோன்றாது.

ராத்திரி மணக்கிற மாதிரி ஏதாவது?

மணி மணியாய்த் தொங்குகிற பெரிய ஊமத்தை மரத்தைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள். மணம் அபாரம், ஆனால் இலை, பூ, விதை மூன்றும் கடும் விஷம், ஓடையோரத்தில் ஒடித்துப் போட்ட கிளையும் வேர்விடும். இரவு ராணியும் மேலே சொன்ன செஸ்ட்ரம் குடும்பம், பழத்தைப் பறவை கொண்டுபோகும். எனக்கு இரண்டும் வேண்டாம். ஜாதிமல்லியும் ஹோயாவும் சம்பங்கிக் கிழங்கும் ராத்திரிக்குப் போதும். சம்பங்கிக்கு வெயில் வேண்டும், அதனால் குன்னூர் உயரம் வரைக்கும்தான்.

மணமும் வேண்டும், வண்ணத்துப்பூச்சியும் வேண்டும். ஒரே செடி உண்டா?

உண்டு, ஹீலியோட்ரோப். ஊதாக் கொத்து, வெனிலா மணம். நம் ஊர் தேள்கொடுக்குக்குச் சொந்தம். வரியன்களின் ஆண் பூச்சிகள் இந்தச் செடியின் காய்ந்த தண்டிலும் இலையிலும் வந்து உட்கார்ந்து உறிஞ்சும், அதில் இருக்கிற ஒரு வேதிப்பொருளை வைத்துத்தான் பெண்ணை ஈர்க்கிற மணத்தைத் தயாரிக்கின்றன. கிலுகிலுப்பைச் செடியிலும் இதே பொருள் இருக்கிறது. ஒரு கிளையை ஒடித்துக் காயவிட்டுக் கட்டித் தொங்கவிடுங்கள், வெயில் நாளில் மொய்க்கும். இதுவும் மாட்டுக்கு ஆகாது.

இந்த மலையிலேயே பிறந்த மணச்செடி எதையும் வைக்க முடியாதா?

இதைக் கேட்கிறவர்கள் குறைவு, கேட்டால் எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி. இடம் இருந்தால் காட்டுச் செண்பகம் வையுங்கள், சோலைக்காட்டு மரம், வெள்ளைப் பூ, நல்ல மணம். மெதுவாகத்தான் வளரும், முதல் சில வருஷம் நிழல் வேண்டும். புதராக வேண்டும் என்றால் வின்டர்கிரீன். ஒரு இலையைக் கசக்கி முகர்ந்தால் வலி நிவாரணத் தைல வாசனை அப்படியே வரும், அந்தத் தைலத்தில் இருக்கிற மெத்தில் சாலிசிலேட்தான் இலையிலும் இருக்கிறது. புளிப்பு மண் அதற்கு ரொம்பப் பிடிக்கும், அதனால் டோலமைட் போடாதீர்கள். இரண்டையும் காட்டிலிருந்து பிடுங்கி வராதீர்கள், சோலைக் கன்றுகளை விதையிலிருந்து வளர்த்துத் தருகிற நர்சரிகளில் கேளுங்கள்.

காட்டெருமை வந்தால்?

தின்கிறதைவிட மிதிக்கிறதுதான் அதிகம். தொட்டிகளைச் சுவரோரம் வையுங்கள், அவை வழக்கமாக நடக்கிற தடத்தில் பாத்தி போடாதீர்கள்.

எந்த மாதம் தொடங்கலாம்?

பிப்ரவரியில் உறைபனி விட்டதும் மண்ணைக் கொத்தி மக்கிய சாணம் போட்டுவையுங்கள். மார்ச் கடைசியில் மில்க்வீட் விதை, ஏப்ரலில் கோடை மழை ஒன்று விழுந்ததும் ஜெரானியம், ரோஸ்மேரிக் குச்சிகள். மரக்கன்று ஊட்டி, கூடலூரில் ஜூனில், கோத்தகிரி, கொடைக்கானலில் அக்டோபர் மழையோடு. காய் கிள்ளுகிற வேலையைக் காலண்டரில் இப்போதே குறித்துவிடுங்கள்.